ஒன்பது மணிப் புள்ளிகள்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு 'வேண்டாம் அக்கா' என்று பெயர். விமானப்படை எந்தெந்தக் கட்டடத்தின் மேல் குண்டு போடலாம் என்று பட்டியல் போட ஒரு தளம் முழுக்க முப்பது பேர் இருந்தார்கள்; எதன் மேல் போடக் கூடாது என்று பட்டியல் போட அவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குடிநீர்த் தொட்டி என்று அவள் பட்டியல் நீளும். கூட்டத்தில் அவள் தொண்டையைச் செருமினாலே ஆளாளுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவளா அசருவாள்? இருபத்திரண்டு வருஷமாக ஒரு ரொட்டிக்காரரோடு குடித்தனம் நடத்துகிறவளை எதுவும் அவ்வளவு லேசில் அசைத்துவிடாது.

ரொட்டிக்காரரோடு குடித்தனம் என்றால் சும்மா இல்லை. ஊர் தூங்கும்போது அவர் எழுந்து வீட்டை ஒட்டிய ரொட்டிக்கூடத்துக்குப் போய்விடுவார், ஊர் வேலைக்குக் கிளம்பும்போது படுத்துவிடுவார். ஒரு கல்யாணத்துக்குச் சேர்ந்து போனதில்லை. காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை அவரை எழுப்பினால் வீடு இரண்டாகும். அவளுடைய அம்மா இறந்த செய்தியையே இரண்டேகாலுக்குத்தான் அவரிடம் சொன்னாள்.

அன்றைய பட்டியலில் முப்பத்தேழு கட்டடங்கள். பன்னிரண்டு மணிக் கூட்டத்தில் விங் கமாண்டர் கையெழுத்துப் போட்டுவிட்டால், மறுநாள் விடிவதற்குள் விமானங்கள் போய்வந்துவிடும். பதினேழாவது கட்டடத்தின் கோப்பை அவள் பத்தரை மணிக்குப் பிரித்தாள். எதிரி நாட்டு வரைபடத்தில் அது வெறும் 'கிடங்கு'. இரவு இரண்டு மணிக்கு உள்ளே வெளிச்சம் வருகிறது. கூரையின் ஒரு மூலை எந்நேரமும் கொதிக்கிறது. வாரம் இருமுறை லாரியில் மூட்டைகள் இறங்குகின்றன. சரியாக நாலு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வந்து வரிசையாக நிற்கின்றன. கால் மணி நேரத்தில் எதையோ ஏற்றிக்கொண்டு நாலு திசைக்கும் பறக்கின்றன. வெடிபொருள் தயாரிப்பு என்று முடிவு கட்டியிருந்தார்கள். தாக்குதல் நேரம், வண்டிகள் எல்லாம் ஒன்றாக நிற்கும் அந்த நாலு மணி.

இவ்வளவு ஒழுங்காக வேலை பார்க்கிறவன் பட்டாளத்துக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று விங் கமாண்டர் ஓரத்தில் குறிப்பு வேறு எழுதியிருந்தார். பாவம், பட்டாளத்தைத் தவிர வேறு யாரும் அலாரம் வைத்து எழுவதை அவர் பார்த்ததில்லை.

அவள் கோப்பை மறுபடி முதலிலிருந்து படித்தாள். அது அவள் வீடு. நாடு வேறு, ஊர் வேறு, ஆனால் அந்த இரண்டு மணி வெளிச்சமும் நாலு மணி வண்டிகளும் இருபத்திரண்டு வருஷமாக அவள் தூக்கத்தைக் கெடுத்தவை. ஓட்டுநர்களோடு அடுப்படி ஆட்களையும் சேர்த்தால் முப்பது பேராவது அங்கே நிற்பார்கள்.

நேரே விங் கமாண்டர் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனிதர், காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "உங்க வீட்டுக்காரர் ரொட்டி போடுறாருங்கிறது எனக்கு ஆதாரம் ஆகாதும்மா. படத்துல காட்டுங்க, எடுத்துடுறேன்" என்றார்.

படங்கள் கழுகின் பொறுப்பு. கழுகு என்றால், விமானம் எடுத்து அனுப்புகிற படங்களைப் பார்த்துச் சொல்கிற நாற்பது வயது மனிதர். கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது யாரென்று தெரியாது. ஆனால் படத்தில் ஒரு வாளியைக் காட்டினால் அதில் தண்ணீர் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். இருவரும் அந்தக் கட்டடத்தின் இருபத்தாறு நாள் படங்களையும் அலசினார்கள். பளிங்கு மாதிரி சுத்தமான படங்கள். ரொட்டி என்று சொல்ல ஒரு துணுக்கும் இல்லை. மணி பதினொன்று இருபது.

வேறு வழியில்லாமல் அவள் வெளிவாசலுக்கு ஓடினாள். கைப்பேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது. வாசல் அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். அதை எடுத்து, மனசைத் திடப்படுத்திக்கொண்டு, தூங்குகிற புருஷனைக் கூப்பிட்டாள்.

முதல் ஒரு நிமிஷம் அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. எதற்காகக் கேட்கிறாள் என்று சொல்லவும் அவளுக்கு அனுமதி இல்லை. நம் ரொட்டிக்கூடத்தை மொட்டைமாடிக்கு மேலே நின்று பார்த்தால் என்னென்ன தெரியும் என்று மட்டும் கேட்டாள். உனக்குப் பைத்தியமா என்று அவர் கேட்டார். இருக்கட்டும், பதில் சொல்லுங்கள் என்றாள்.

"என்ன தெரியும்? புறா தெரியும்" என்றார் அவர் எரிச்சலோடு. "ஒம்பது மணிக்குத் தட்டெல்லாம் கொண்டுபோய்ப் பின்பக்கம் உதறுவோம்ல, அந்தத் தூளுக்கு எண்பது புறா வந்து எறங்கும். சுவரெல்லாம் அசிங்கம் பண்ணி வைக்கும். எத்தனை வருஷமா சொல்றேன், ஒரு நாள் வந்து பார்த்திருக்கியா நீ?"

பார்த்ததில்லை; ஒன்பது மணிக்கு அவள் அலுவலகத்தில் இருப்பாள். அதற்காக வெட்கப்பட அப்போது நேரமில்லை.

மூச்சு வாங்க வந்து, "தம்பி, ஒம்பது மணிப் படத்துல பின்பக்கம் காட்டுங்க" என்றாள். கழுகு காட்டினார். வெறும் சிமெண்டுத் தரை. அவள் தோள் தொய்ந்துவிட்டது. சின்னச் சின்னதாக வெள்ளைப் புள்ளி ஏதாவது இருக்குமே என்று அரை மனதாகக் கேட்டாள்.

"அது இருந்துச்சுக்கா" என்றார் கழுகு வெகு சாதாரணமாக. "கேமரா தூசி. அதையெல்லாம் தொடைச்சிட்டுத்தான் மேல அனுப்புவேன்."

படம் சுத்தமாக இருப்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. நல்லவேளையாக, துடைக்காத மூலப் படங்கள் வேறொரு பெட்டகத்தில் பத்திரமாக இருந்தன. திறந்தார்கள். எட்டரை மணிக்குப் புள்ளி இல்லை. ஒன்பது பத்துக்குப் பின்பக்கம் முழுக்கப் புள்ளி. ஒரு படத்தில் கையில் அகலமாக எதையோ தூக்கிக்கொண்டு ஒருவன் வருகிறான். அடுத்த படத்தில் அவனைச் சுற்றிலும் புள்ளிகள். இருபத்தாறு நாளும் அதே இடம், அதே நேரம். கேமரா தூசிக்கு மணி பார்க்கத் தெரியாது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது விங் கமாண்டர் குனிந்து பார்த்தார். புறாவா என்றார். புறாதான் சார் என்றாள்.

"ஏன், வெடிமருந்துக் கிடங்குக்குப் புறா வராதா?"

"வந்து என்ன சார் திங்கும்?"

அவர் சிரித்துவிட்டார். பேனாவை எடுத்துப் பதினேழாவது வரியை இரண்டு முறை அடித்தார். கூட்டத்தை அரை மணி தள்ளிவைத்து, எல்லாரையும் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். அவளுக்குப் பட்ட பாடெல்லாம் பறந்து, உடம்பே லேசாகிவிட்டது. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, இனிமேல் புறா அக்கா என்றே கூப்பிடுங்கள் என்று கழுகைச் சீண்டினாள்.

கழுகு எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அக்கா" என்றார். "ரெண்டு வருஷமா எல்லாப் படத்தையும் நான்தான் தொடைச்சிட்டிருக்கேன்."

எதிரே அலமாரியில் முடிந்துபோன கோப்புகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் 'தாக்கியாயிற்று' என்று ஒரு பச்சை முத்திரை. அவளுக்குப் பயமாக இருந்தது. அந்த அலமாரியைத் திறக்கப் போவது தான்தான் என்று தெரிந்ததால் வந்த பயம்.

"மொதல்ல இன்னிக்கு உள்ளது" என்றாள். "முப்பத்தாறுக்கும் மூலப் படத்தைத் தெறந்து வைங்க தம்பி. அரை மணி போதாது, சாயங்காலம் வரைக்கும் நேரம் வேணும்னு சார்கிட்ட நான் கேக்கறேன். அந்த அலமாரி நாளைக்கு."

பையை மேஜையிலேயே வைத்துவிட்டு மறுபடி வாசலுக்கு நடந்தாள். வீட்டில் புருஷன் அப்போதுதான் மறுபடி கண்ணயர்ந்திருப்பார். இரண்டாவது மணியிலேயே எடுத்து, இன்னும் என்னடி என்றார்.

"இன்னிக்குத் தூங்காதீங்க" என்றாள். "சாயப்பட்டறைக்காரர், பால்பண்ணைக்காரர், மரக்கடைக்காரர்னு உங்களுக்குத் தெரிஞ்சவங்க எல்லார் நம்பரும் எழுதி வைங்க. ஒவ்வொருத்தருக்கும் பின்பக்கம் எப்படி இருக்கும்னு நான் கேக்கணும்."

அவள் குரலில் எதைக் கேட்டாரோ, ஏன் என்று அவர் கேட்கவில்லை. பேனா தேடுகிற சத்தம் கேட்டது.