கம்பியில்லா வானிலை நிலையத் திறப்பு விழா

அழைப்புக் கார்ட் அடித்த பிறகுதான் சிக்னல் நின்றது. அடிப்பதற்கு முன்னால் நின்றிருந்தால் அது வெறும் கோளாறு. அடித்த பிறகு நின்றதால் மானப் பிரச்சினையாகிவிட்டது.

கார்ட் தங்க எழுத்தில் இருந்தது. "பொறியியலாளர் பெனடிக்ற் அவர்கள் தமது சொந்த முயற்சியால் உருவாக்கிய கம்பியில்லா வானிலை ஆய்வு நிலையம்" என்று தொடங்கி, குடும்ப சகிதம் வருமாறு அழைத்து, பிரதம விருந்தினர் கலாநிதி தியாகராஜா என்று முடியும். ஆய்வு நிலையம் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் பெனடிக்ற் வீட்டுப் பின்வளவில், உடுப்புக் காயப்போடும் கம்பத்தின் உச்சியில் இருந்தது. பூச்சட்டிக்குக் கீழே வைக்கிற பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கி, அதற்குள் வெப்பமானி. மேலே பிங்பொங் பந்துகளை இரண்டாக வெட்டிச் செய்த காற்றாடி. பக்கத்தில் ஓர் ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் பற்றரியும் தீப்பெட்டி அளவில் ஒரு ரேடியோ அனுப்பியும். வெளியே எத்தனை பாகை, எவ்வளவு காற்று என்று அது கொஞ்ச நேரத்துக்கொருதரம் வானொலி அலையில் சொல்லும். முன்னறை ஷோகேஸில், கல்யாணப் படத்துக்கும் பீங்கான் அன்னத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற றிசீவர், அதாவது வாங்கி, அதைப் பிடித்து, ஒரு பச்சை விளக்கைச் சிமிட்டி, சிவப்பு எண்களில் காட்டும்.

காட்டிக்கொண்டுதான் இருந்தது. இப்போது எண்கள் இருந்த இடத்தில் நாலு சின்னக் கோடுகள். விழா ஞாயிற்றுக்கிழமை.

இவ்வளவுக்கும் காரணம் பத்மநாதன். பழைய மாணவர் சங்கச் செயலாளர், கணக்காளர், வாய் கொஞ்சம் கூட. போன வருட இராப்போசனத்தில் மைக் செத்தபோது, நிறைந்த மண்டபத்தில் எழுந்து, "எங்கட ரிவி றிப்பேர்காரனைக் கூப்பிடுங்கோ" என்றார். பெனடிக்ற் லண்டனில் ரிவி திருத்துகிற இடத்தில்தான் வேலை செய்தார், உண்மை. ஆனால் கொழும்பில் அவர் தொலைத்தொடர்புத் திணைக்களத்தில் இருந்தவர். அங்கே அவருக்கு மேலே மின்விசிறி இருந்தது, கீழே மூன்று பேர் இருந்தார்கள். அன்றிரவு மைக்கைத் திருத்திக் கொடுத்துவிட்டு, சோறு தின்னாமல் வீட்டுக்கு வந்தவர், ஒரு வருடம் கழித்துப் பத்மநாதனுக்கு முதல் கார்டை அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை அந்த ஷோகேஸின் முன்னால் பத்மநாதன் வாயடைத்து நிற்கவேண்டும். அதற்குத்தான் தங்க எழுத்து.

பெனடிக்ற் பற்றரியை மாற்றினார். கோடுகள். ஏரியல் கம்பியை அளந்து வெட்டினார், பிறகு கூட வெட்டிவிட்டோமோ என்று புதுக்கம்பி வைத்தார். கோடுகள். ஐஸ்கிறீம் டப்பாவைக் கழற்றிக் கொண்டுவந்து முன்னறை மேசையில் வைத்தால் பச்சை விளக்கு ஒழுங்காகச் சிமிட்டும். திரும்பக் கம்பத்தில் ஏற்றினால் செத்துப்போகும். மழைக்குள் ஏணியில் நின்று அவர் இதை எத்தனை தரம் செய்தார் என்பது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரிக்குத்தான் தெரியும். அவ யன்னல் திரையை விலக்கிப் பார்த்து, பிறகு பார்ப்பதை விட்டுவிட்டா.

கோளாறு வீட்டுக்குள் இல்லை என்று பெனடிக்ற் முடிவெடுத்தார். சந்தியிலிருக்கிற, வாடகைக் கார் அனுப்புகிற மினிகாப் ஒபிஸின் ரேடியோ சந்தேகத்துக்கு வந்தது. அங்கே போய், "உங்கட ரேடியோவால என்ர வானிலை பாதிக்குது" என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அங்கிருந்தவன் பொறுமையாகக் கேட்டு, எங்கே போகவேண்டும் என்று விசாரித்தான். பிறகு எதிர்வீட்டுக்காரனின் புதுக் காரில் சந்தேகம் வந்தது. சாவியை அமத்தினால் தூரத்திலிருந்தே கதவு திறக்கிற கார். யன்னலோரம் உட்கார்ந்து, அவன் சாவியை அமத்தும் நேரத்தையும் கோடுகளையும் ஒப்பிட்டார். அவன் ஊரில் இல்லாத நாளிலும் கோடுகள் கோடுகளாகவே இருந்தன.

"இஞ்சேருங்கோ," என்றாள் மனைவி றோஸ்மலர் குசினியிலிருந்து. "வேலையால வந்த மனிசன் ரீயைக் குடிச்சிட்டுப் பாருங்கோ எண்டால் கேக்கிறியளோ."

"நீர் சும்மா இரும். இது வேற விசயம்."

"வேற விசயம் எண்டு தெரியுது. ஏணியைக் கொண்டுபோற வாறதில பெயின்ற் அடிச்ச சுவரில ரெண்டு இடத்தில உரஞ்சியாச்சு."

குசினிக்கு விழாவை முன்னிட்டுத்தான் பெயின்ற் அடித்தார்கள். பெயின்ற் காய்ந்ததும், எந்தத் தமிழ்க் குசினியிலும் நடப்பதுபோல, பொரிக்கிற எண்ணெய் சுவரில் தெறிக்காமலிருக்க அலுமினிய ஃபொயில் பேப்பர் ஒட்டினார்கள். வழக்கமாக அடுப்புக்குப் பின்னால் மட்டும் ஒட்டுவது. இம்முறை றோஸ்மலரின் தங்கை பியற்றிஸ் வந்து நின்று ரோல்ஸும் வடையும் பெருவாரியாகப் பொரிக்கப்போகிறாள் என்பதால், வளவுப்பக்கச் சுவர், பின்கதவுக் கண்ணாடி, நடைப்பக்கச் சுவர் எல்லாவற்றுக்கும் ஒட்டியாயிற்று. பெனடிக்ற்தான் ஒட்டினார். ஒரு தாளின் விளிம்பு மற்றதன் மேல் ஏறும்படி, மூலையில் மடித்து, இடைவெளி விடாமல். "பொறியியலாளர் ஒட்டினால் இப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஒட்டினார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வாங்கியை ஷோகேஸிலிருந்து கழற்றி, பற்றரி பூட்டி, கைக்குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். முன்னறையில் இல்லை. நடையில் இல்லை. மாடியில் முன்பக்கத்துப் படுக்கையறையில் அது நினைத்தபோது ஒருதரம் சிமிட்டியது. சலித்துப்போய், முகம் கழுவலாமென்று குளியலறைக்குள் போய், வாங்கியைக் கக்கூஸ் தண்ணித் தொட்டியின் மூடியில் வைத்தார்.

பச்சை விளக்கு சிமிட்டியது. எட்டுப் பாகை. காற்று மெல்லியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி சிமிட்டியது.

குளியலறை குசினிக்கு நேர் மேலே. அதன் யன்னல் கம்பத்தைப் பார்த்தபடி. பெனடிக்ற் வாங்கியை எடுத்துக்கொண்டு கீழே ஓடிக் குசினிக்குள் நுழைந்தார். கோடுகள். பின்கதவைத் திறந்தார். சிமிட்டியது. மூடினார். கோடுகள். அவர் நிமிர்ந்து பார்த்தபோது நாலு பக்கமும் அவருடைய முகமே வெள்ளியாக, நெளிந்து நெளிந்து தெரிந்தது. கம்பத்துக்கும் ஷோகேஸுக்கும் நடுவில் ரேடியோ அலை புக முடியாத ஒரு தகரப் பெட்டியைத் தன் கையாலேயே கட்டி, மூலை மடித்து, பெருமையும் பேசியிருக்கிறார்.

"றோஸ், இந்த ஃபொயிலைக் கழட்டவேணும்."

பியற்றிஸ் அப்போதுதான் தாச்சியில் எண்ணெய் விட்டிருந்தாள். "அத்தானுக்குக் காய்ச்சலோ அக்கா?" என்றாள்.

"கழட்டினால் நாளைக்குச் சுவர் எண்ணெய் குடிச்சு மஞ்சளாப் போகும்," என்றாள் றோஸ்மலர். "வாற சனம் முதல் எட்டிப் பாக்கிறது குசினியை. உங்கட மெஷினை இல்லை."

"ஒரு பக்கம் மட்டும்."

"எந்தப் பக்கம் எண்ணெய் தெறிக்காதெண்டு உங்கட வானிலை சொல்லுமோ?"

பியற்றிஸ் சிரித்ததில் கையிலிருந்த ஒரு ரோல்ஸ் பிரிந்தது.

வேறு வழியும் இருந்தது. பின்வளவிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கார்ப்பெற்றுக்குக் கீழால் முன்னறைக்குக் கொண்டுவந்தால் எண்கள் ஓடும், ஒருவருக்கும் தெரியாது. பெனடிக்ற் வயர்ச் சுருளை எடுத்துக்கொண்டு நடையில் முழந்தாளில் நின்றார். கார்ப்பெற் விளிம்பைத் தூக்கினார். அதற்குள் ஒரு கணக்காளரின் சப்பாத்து நுனி வந்து தட்டுவது போலிருந்தது. பத்மநாதன் கோயில் திருவிழாவிலேயே லவுட்ஸ்பீக்கர் வயரைப் பின்தொடர்ந்துபோய், யார் வீட்டுக் கரண்ட் என்று கண்டுபிடிக்கிற மனிசன். கம்பியில்லா என்று தங்க எழுத்தில் அடித்துவிட்டு அகப்பட்டால், சாகும்வரை றிப்பேர்காரன்தான். அதுவும் கள்ள றிப்பேர்காரன். பெனடிக்ற் விளிம்பைப் போட்டுவிட்டு வயரைச் சுருட்டினார்.

ஞாயிறு பின்னேரம் சனம் வந்தது. றோஸ்மலர் சொன்னபடியே முதலில் குசினியை எட்டிப் பார்த்து, மினுங்குகிற சுவர்களைப் புகழ்ந்தது. கலாநிதி தியாகராஜா தன் சொந்தக் கத்தரிக்கோலுடன் வந்தார். கிழக்கு லண்டனில் இரண்டு சேலைக் கடை, ஒரு பல் வைத்தியசாலை, ஒரு கார் திருத்துமிடம் எல்லாவற்றையும் திறந்தது அந்தக் கத்தரிக்கோல்தான். பத்மநாதன் முன்னறையில் ஷோகேஸைப் பார்த்தார். அன்னம் இருந்தது, கல்யாணப் படம் இருந்தது.

"எங்கை ஐசே உம்மட ஆய்வு நிலையம்?"

"மேலை," என்றார் பெனடிக்ற்.

"மேலை எங்கை?"

பெனடிக்ற் படியேறினார். பொன்னாடை போர்த்தியிருந்த கலாநிதியும் மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். றிபன் குளியலறைக் கதவுக்குக் குறுக்கே கட்டியிருந்தது. படிக்கட்டு முழுக்கச் சனம். கலாநிதி ஒருகணம் தயங்கினார். ஆனால் எழுதி வந்த உரை எழுதி வந்ததுதான். சட்டைப்பையிலிருந்து எடுத்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, "இந்த எழில்மிகு மண்டபத்திலே, அறிவுத் தாகம் கொண்டு இங்கே திரண்டிருக்கும் பெருமக்களே" என்று தொடங்கினார். உள்ளே ஒரு துவாயும் ஷாம்பூப் போத்தலும் கேட்டுக்கொண்டிருந்தன.

"கம்பியில்லாமல் வருதுதான்," என்றார் பத்மநாதன், நடுப்படியிலிருந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "ஆனால் கக்கூசுக்குத்தான் வருது."

படிக்கட்டு குலுங்கிச் சிரித்தது. பெனடிக்ற் காது சூடாக, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே பியற்றிஸ் சிரிப்பது தனியாகக் கேட்டது.

கலாநிதி றிபனை வெட்டினார். உள்ளே போனார். ஆனால் செவன் கிங்ஸிலிருந்து குளிருக்குள் பஸ்ஸில் வந்து, ரீயும் குடித்து, நீண்ட உரையும் ஆற்றிய எழுபது வயது மனிசன் அவர். கையிலிருந்த கத்தரிக்கோலைப் பெனடிக்றிடம் கொடுத்து, "தம்பி, ஒரு நிமிசம்" என்று கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டார்.

படியில் யாராலும் இறங்கவும் முடியாது, சிரிக்கவும் துணிவில்லை. பிரதம விருந்தினர் அல்லவா.

"பெனடிக்ற்," கதவுக்குப் பின்னாலிருந்து அதே மேடைக் குரல் வந்தது. "இதில ஒன்பது தசம் ரெண்டு எண்டு காட்டுது."

"ஓம் ஐயா. வெளியில இருக்கிற குளிர்."

"இப்ப ஒன்பது தசம் ஒண்டு. குறையுது."

"இருளுது ஐயா. குறையும்."

"காற்று ஏறுது," என்றது குரல், கொஞ்சம் வியப்புடன். "கம்பி ஒண்டும் இல்லையே. நான் இருந்தபடி எல்லாப் பக்கமும் பாத்திட்டன்."

பத்மநாதன் படியில் நின்றபடி கழுத்தை நீட்டினார். போய்ப் பார்க்க அவருக்குத் துடித்தது, கதவு பூட்டியிருந்தது. பெனடிக்ற் கத்தரிக்கோலைப் பிடித்தபடி கதவில் காதை வைத்து நின்றார். உள்ளேயிருந்து கலாநிதி அடுத்த எண்ணை வாசித்தார். தண்ணி இழுத்த சத்தத்தில் அது சரியாகக் கேட்கவில்லை.

"என்னவாம் ஐசே?" என்று கேட்டார் பத்மநாதன்.

"பொறுங்கோ அண்ணை," என்றார் பெனடிக்ற். "அடுத்தது இப்ப வரும்."