செல்வமேரியின் பகல் தூக்கம்

அந்தக் கோடை முழுவதும் செல்வமேரிக்கு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி. பகலில்தான் தூங்க வேண்டும். தூங்குவதற்கோ புத்தூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. கணவன் அடைக்கலம் காலையிலேயே பொன்மலை ரயில்வே பட்டறைக்குப் போய்விடுவான். கூரைக்கடியில் கிடந்து வேகும் பாக்கியம் அவளுக்கு மட்டும்தான்.

முன்கட்டில் காரைத் தளம் போட்ட மெத்தை வீட்டில் இருந்த வீட்டுக்காரி மயிலம்மாளிடம் முறையிட்டாள்.

"தகரத்துக்கு என்ன கேடு? எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப போட்டது" என்றாள் மயிலம்மாள்.

ஃபேன் மாட்டலாமென்றால் பின்கட்டுக்குக் கரண்ட் இல்லை. இருந்திருந்தாலும் ஃபேன் வாங்கக் காசு இல்லை. லால்குடியில் இருந்த அண்ணனிடம் சொல்லி, ஒரு வண்டி தென்னங்கீற்று வரவழைத்தாள்.

"மெத்தை வீட்டுக்குப் பின்னாடி குடிசையா? தெருவுல எனக்கு ஒரு மதிப்பு இருக்குல்ல?" என்று மயிலம்மாள் குதித்தாள். காலி பண்ணும்போது பழைய தகரத்தையே மாட்டிக் கொடுப்பதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அடங்கினாள்.

தகரம் இறங்கி, கீற்று ஏறியது. செல்வமேரி இரண்டு பகல் பிணம்போலத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மயிலம்மாள் கதவைத் தட்டினாள். "நெருப்பு கிருப்பு பிடிச்சா என்ன ஆகுறது? ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன்." அண்ணாந்து பார்த்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள். சற்று நேரத்தில் குறட்டை விட்டாள். அவளுடைய மெத்தை வீட்டில் ஃபேன் இருந்தது. ஆனால் காய்ந்த தளத்தின் சூட்டையெல்லாம் இழுத்து அவள் தலையிலேயே கொட்டும் ஃபேன் அது.

மறுநாள் பாயோடு வந்தாள். அதற்கு மறுநாள் நாத்தனார் இருசம்மாளும் கூட வந்தாள். இருவரும் வெற்றிலையை மென்றுகொண்டு ஊர்க் கதை பேசினார்கள். கண் எரிய எரிய மூலையில் புரண்டாள் செல்வமேரி.

"பாவம், உனக்குத் தூக்கம் கெடுது. அங்க போய் ஃபேனைப் போட்டுட்டுப் படேன்" என்றாள் மயிலம்மாள், பெரிய மனசோடு.

செல்வமேரி போய்ப் படுத்தாள். இப்படியே பத்து நாள் ஓடியது. பிறகு மயிலம்மாள் நேரடியாகவே சொன்னாள்: "நான் பின்கட்டுக்கு வந்துடறேன். நீங்க முன்கட்டுக்குப் போயிடுங்க. ஆனா மெத்தை வீட்டுக்குப் பழைய வாடகை கட்டாது, சொல்லிட்டேன்."

வீட்டுக்காரி சொன்னால் மறுக்க முடியாது. ஆனாலும் செல்வமேரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "சரிங்கம்மா. கீத்து என்னோடது. நீங்க அதுக்கு எனக்கு என்ன வாடகை தருவீங்க?"

மயிலம்மாள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். கீற்றைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். சொன்னால் தகரம் திரும்பி வரும். பழைய வாடகையே நிலைத்தது. அன்று சாயங்காலமே இரு குடும்பமும் சாமான்களை மாற்றிக்கொண்டன.

செய்தி ஆஸ்பத்திரி வரை போயிற்று. "மெத்தை வீட்டுக்காரி ஆயிட்டீங்க, ஃபேன் வேற!" என்று கூட வேலை பார்த்த அமலராணி கையைப் பிடித்துக் குலுக்கினாள். அடைக்கலமும் பட்டறையில் தலை நிமிர்ந்து நடந்தான்.

செல்வமேரி மட்டும் தினமும் மத்தியானம் புடவை ஒன்றை நனைத்துப் போர்த்திக்கொண்டு, சுழலும் ஃபேனை வெறித்துப் பார்த்தபடி விழித்துக் கிடந்தாள். பின்கட்டிலிருந்து குறட்டை சன்னமாகக் கேட்டது.