சொல்லிவிட்டுப் போகும் சோதனை

ஈப்போவுக்குப் பக்கத்தில் உள்ள டோல் சாவடியில் வண்டிகள் எவ்வளவு நேரம் காத்திருக்கின்றன என்று பார்த்து எழுதுவது என் வேலை. அதற்காகக் கோலாலம்பூரிலிருந்து மாதம் ஒருமுறை நான்கு அதிகாரிகள் வருகிறோம். இரண்டு கார், ஹோட்டல் அறை, எல்லாம் அரசாங்கச் செலவு.

வருவதற்கு முந்தின நாள் சாவடி மேலாளருக்கு நானே போன் போட்டுச் சொல்லிவிடுவேன். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன், வெட்கங்கெட்டவன்.

இந்த முறையும் பத்து லேனும் திறந்திருந்தன. 'நெரிசல் இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை செய்யும் சரோஜினி அக்கா குடிக்க ஒரு கோப்பை மைலோ கொண்டுவந்தார். பேச்சுவாக்கில், இருவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் என்று தெரிந்தது.

"தம்பி, மாசத்துக்கு ரெண்டு தடவ வாங்க லா," என்றார்.

"ஏன்க்கா?"

"நீங்க வார அன்னிக்குத்தான் எல்லா லேனும் தொறக்கிறாங்க. மத்த நாள் நாலுதான். வண்டிக்காரங்க ஹாரன் அடிச்சு எங்களத்தான் ஏசுறாங்க. தோட்டத்துல தொரை வாராருன்னா மட்டும் நம்ம லயத்து வீடுங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பாங்களே, அப்படித்தான் இங்கயும்."

அவர் குத்திக்காட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சுண்ணாம்பை அடித்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். துரையின் கார் திரும்பிப் போனதும் வாளியை எட்டி உதைப்பார்.

மைலோக் கோப்பையை மேசைமேல் வைத்தேன்.

அப்போது மேலாளர் வந்து, அடுத்த மாதம் என்றைக்கு வருகிறீர்கள் என்று பணிவாகக் கேட்டார்.

அக்கா பார்த்துக்கொண்டிருக்க, நான் தேதியைச் சொன்னேன்.