கதவோரக் கட்டில்

யுத்தம் முடியாத அந்த நாற்பத்து நாலாம் வருஷம், பஸ்ரா ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த வெரோனிகா லீவில் சாந்தோமுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கி, அப்பாவின் நாடியைப் பிடித்த உடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கால் வீக்கம் இடுப்புவரை ஏறியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. இந்த மூச்சை அவள் வார்டில் நிறையக் கேட்டிருக்கிறாள்.

"சாமியாரைக் கூப்பிட்டு அவஸ்தை பூசச் சொல்லலாமாக்கா?" என்றாள் தங்கை பியாட்ரிஸ். சாகக் கிடப்பவர்களுக்குச் சாமியார் ஜெபித்துப் பூசும் எண்ணெய் அது.

"எண்ணெய்ச் சிமிழோட சாமியார் உள்ளே வந்தா அப்பா பயத்துலயே போயிடுவார். இப்போ வேண்டாம்."

அப்பா மரியதாஸ் வாத்தியார், பங்குப் பிள்ளைகளுக்கெல்லாம் ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவர். சாமியாரிடம் பாவங்களை வாய்விட்டுச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் சாவதைப்போல ஒரு கேடு இல்லை என்று அவளுக்கும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். ஆனாலும் கஞ்சியைக் குடித்துவிட்டு, "ஈஸ்டருக்குள்ள எழுந்துடுவேன், இல்லம்மா?" என்று அவர் கேட்கும்போது அந்த முகத்தை வாட வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள்.

வியாழக்கிழமை அவர் குரல் கம்மிப்போயிற்று. வெரோனிகா தங்கையைக் கூப்பிட்டாள். இரண்டு பேருமாகக் கட்டிலைக் கதவோரம் இழுத்துப் போட்டார்கள். அவள் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. கடல்காற்று வருகிறதென்று அப்பாவுக்குக்கூடச் சந்தோஷம்தான்.

சாயங்காலம் துரைராஜ் வந்தான். பஸ்ராவில் லாரி கவிழ்ந்து ஒரு காலைப் பறிகொடுத்து, அவளுடைய வார்டில் கிடந்து பிழைத்தவன். அடையாற்றங்கரையிலிருந்து கட்டையை ஊன்றிக்கொண்டே வந்திருந்தான்.

"இன்னா சிஸ்டர், வாத்தியாரைக் கதவாண்ட போட்டுக்கீறீங்கோ? நம்ம வார்டுல கதவாண்ட போட்டா அவன் கணக்கு முடிஞ்சுதுன்னு அர்த்தமாச்சே. தூக்கினு போறப்போ மத்தவன் பயப்படக் கூடாதுன்னு..."

சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "சும்மா தமாசுக்குச் சொன்னேன் வாத்தியாரே."

அப்பா அவனைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்தார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை, அப்பா."

"ஞாயித்துக்கிழமை எனக்குப் பேச்சு நல்லா இருந்துச்சேம்மா."

பியாட்ரிஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். துரைராஜ் என்ன செய்வதென்று தெரியாமல் கட்டையைப் பிடித்தபடி சுவரோரம் நின்றான்.

சாமியார் வந்ததும் எல்லாரும் வெளியே போனார்கள். பாவசங்கீர்த்தனம் நடக்கும் இடத்தில் பெற்ற மகளுக்கும் இடமில்லை. வெரோனிகா வாசலில் நின்றாள். சாத்திய கதவுக்கு அப்பால் அப்பாவின் குரல் துளியும் எழவில்லை. சாமியார் பேசுவதுதான் கேட்டது.

"காதுல விழலை, வாத்தியார். இன்னொரு தடவை சொல்லுங்க."

பிறகு மறுபடியும் சாமியார் குரல்தான்.

"இன்னொரு தடவை."