குடல்வால் எந்தப் பக்கம்?

வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பாடத்தைக் கரைத்துக் குடித்துவிட வேண்டும் என்று என் மனைவி முடிவு செய்தாள். படித்தது அவள், படாதபாடு பட்டது நான்.

நான் சலூன் வைத்திருக்கிறேன். அவளுக்கு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. வார்டிலிருந்து வருகிற விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, மடித்து அனுப்புவாள். அந்த விரிப்பில் படுக்கிற ஆளை ஒரு நாளும் பக்கத்தில் நின்று கவனித்ததில்லை என்பதுதான் அவள் குறை. நாற்பதைத் தாண்டிய பிறகு, அதே மருத்துவமனை நடத்துகிற செவிலியர் உதவியாளர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டாள். இடமும் கிடைத்துவிட்டது. செய்தியைச் சொல்ல கடைக்கு ஓடி வந்தபோது நான் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளோடு பேசப் போய்விட்டேன். அந்த மனிதர் பாவம், ஒரு கன்னத்து நுரையோடு திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார்.

சந்தோஷம் அன்று சாயங்காலம் வரைக்கும்தான். அதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை அவள் தப்பான பதில் சொல்ல, வகுப்பே சிரித்திருக்கிறது. மறுநாள் தலைவலி என்று படுத்தவள் அதற்கப்புறம் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை.

"எல்லாம் நேத்துப் பள்ளிக்கூடம் முடிச்ச புள்ளைங்களா இருக்கும். ஒண்ணும் தெரியாமப் போய் உக்காந்து, இந்த வயசுல திரும்பவும் நாலு பேர் சிரிக்கிற மாதிரி நிக்கணுமா? ஒரு கேள்விக்குக்கூட நான் முழிக்கக் கூடாதுங்க."

முதல் பாடத்துக்கான படத்தை முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். வயிற்றுக்குள் இருக்கிற சமாச்சாரங்கள். பெரிய தாளில் வண்ண வண்ணமாக உறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் பெயர், அவ்வளவுதான். வகுப்புக்கு முன் பார்த்துவிட்டு வரவும் என்று மேலே ஒரு வரி. ஒரு பார்வை பார்க்கச் சொன்னதை இவள் மனப்பாடம் செய்யச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள்.

கடையில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிற மத்தியான வேளையில் அவளுக்கு வேலை முடியும். நேரே வந்துவிடுவாள். படத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினாள். முடி வெட்டும்போது போர்த்துகிற பழைய வெள்ளைத் துணி ஒன்றைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். படத்தை ஒரு பார்வை, கண்ணாடியை ஒரு பார்வை. பேனாவை எடுத்துத் துணியின் மேல் கல்லீரலை வரைந்தாள். அப்புறம் இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், அதன் நுனியில் புழு மாதிரி ஒரு குடல்வால். முடித்தபோது கண்ணாடியில் தெரிந்த வயிறும் படத்தில் இருந்த வயிறும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. இரண்டு பேரும் பெருமையோடு பார்த்தோம். எனக்குச் சோறு போடுவதே அந்தக் கண்ணாடிதான். அது காட்டியதில் நான் ஏன் சந்தேகப்படப் போகிறேன்?

அன்றிலிருந்து துணி என் கழுத்துக்கு மாறியது. நான் நாற்காலியில் உட்கார வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு என் வயிற்றில் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பெயர் சொல்வாள். எனக்குக் கூச்சம் தாங்காது. நெளிந்தால் திட்டு விழும். "அசையாதீங்க, கணையம் நகருது!" வாடிக்கையாளர்கள் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருவர் முடி வெட்ட வந்த இடத்தில் தன் நெஞ்செரிச்சலுக்கு யோசனை கேட்டார். இவளும் சளைக்காமல் சொன்னாள். அந்த நாட்களில் அவள் நடையே மாறியிருந்தது. பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

வகுப்பு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது காலையில் எனக்கு வயிறு வலித்தது. முதலில் தொப்புளைச் சுற்றி, அப்புறம் வலது பக்கம் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் தொழில்காரத் தோரணையோடு அழுத்திப் பார்த்தாள்.

"இங்கயா? அப்பன்னா பயப்பட ஒண்ணுமில்ல. குடல்வால் இந்தப் பக்கம்ல இருக்கு" என்று இடது பக்கம் தட்டினாள். "இது வெறும் வாயு. சுடுதண்ணி குடிங்க, சரியாயிடும்."

குடித்தேன். நம்பினேன். கடையையும் திறந்தேன். மதியத்துக்குள், முடி வெட்டிக்கொண்டிருந்த ஆளின் தோள்மேலேயே சுருண்டு விழுந்தேன். அவரே, பாதி வெட்டிய தலையோடு, என்னை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் ஓர் அழுத்து அழுத்திவிட்டு, "குடல்வால். இன்னைக்கே எடுத்துடணும்" என்றார்.

அந்த வலியிலும் வாய் சும்மா இருக்கவில்லை. "டாக்டர், அது இடது பக்கம்ல இருக்கு?"

"யார் சொன்னது உங்களுக்கு?"

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஆனால் சலவைப் பிரிவிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தவள் என் கால்மாட்டில்தான் நின்றுகொண்டிருந்தாள். "நான்தான் சொன்னேன்" என்றாள்.

டாக்டர் கோபப்படவில்லை. "நல்லவேளை வந்துட்டீங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டிருந்தா வெடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது வலியைவிட அந்த முகம்தான் என்னை வாட்டியது.

மறுநாள் நர்ஸ் என் எதிரில் நின்று கட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் போனதும் மெதுவாகச் சொன்னாள்.

"படத்துல இருக்கிற ஆளு நம்மளப் பாத்து நிக்கிறான். அவனுக்கு வலது நமக்கு இடது. நான் கண்ணாடியப் பாத்து வரஞ்சேன், அதுல நம்ம இடது இடது பக்கமேதான் தெரியும். எல்லாத்தையும் பக்கம் மாத்திப் படிச்சிருக்கேன்."

"அதான் கண்டுபிடிச்சுட்டியே. நாளைக்கு வகுப்புக்குக் கிளம்பு."

"போகல."

"ஏன்?"

"ஒண்ணுமே படிக்காம இருந்திருந்தா, தெரியலன்னு அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருப்பேன். தெரியும்னு நெனச்சதாலதான் உங்களக் கொல்லப் பாத்தேன். எனக்கு விரிப்பு மடிக்கிறதுதான் சரி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தப்பாப் படிச்சா திருத்தத்தானே அங்க டீச்சர் இருக்காங்க? நீயே எல்லாம் தெரிஞ்சுகிட்டுப் போறதுன்னா வகுப்பு எதுக்கு? வயித்தக் கிழிச்சுகிட்டுக் கெடக்கிறவன் நான். எனக்கே உன்மேல வருத்தம் இல்ல, உனக்கென்ன?"

அவள் என் போர்வையின் ஓரத்தைத் தேவையே இல்லாமல் மடித்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு நாளன்று காலையில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். வகுப்பு அதே கட்டடத்தில், மேல்மாடியில்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நாற்காலி காலி. மேலே போனாளா, கீழே சலவைக்குப் போனாளா, யாரைக் கேட்பது? நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

சாயங்காலம் வந்தாள்.

"போனேன்" என்றாள்.

"அப்புறம்?"

"டீச்சர் அதே படத்தப் பெருசா மாட்டி வச்சு, யாராவது முன்னாடியே படிச்சுட்டு வந்தீங்களான்னு கேட்டாங்க. ஒருத்தரும் கை தூக்கல. நான் தூக்கினேன்."

"சரி."

"எழுந்து நின்னு, எல்லாத்தையும் தப்பாப் படிச்சேன் டீச்சர்னு சொன்னேன். கண்ணாடி, துணி, சுடுதண்ணி, உங்க ஆபரேஷன், ஒண்ணுவிடாம சொன்னேன். கணையம் நகருதுன்னு உங்களத் திட்டினதக்கூட."

நான் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினேன். "சிரிச்சாங்களா?"

"சிரிக்காம? வகுப்பே சிரிச்சுது. டீச்சர் மேசையப் பிடிச்சுகிட்டு சிரிச்சாங்க."

"நீ?"

"நான்தாங்க ரொம்ப சிரிச்சேன்" என்றவளுக்கு அப்போதும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வர வர அடக்க முடியாமல் சிரித்தாள். என்னாலும் முடியவில்லை. சிரித்ததும் தையல் சுளீரென்று இழுக்க, ஐயோ என்று கத்திவிட்டேன். அவள் சட்டென்று தலையணையை எடுத்து என் வயிற்றில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிப்பு வந்தா இப்படிப் பிடிச்சுக்கணுமாம், டீச்சர் சொல்லிக்கொடுத்தாங்க" என்றாள். "இப்ப நல்லா சிரிங்க."