கட்டுவிரியன் படம்

ராஜாம்பாள் டீச்சருக்கு எதற்கெடுத்தாலும் பயம். சின்னசேலத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்வராயன் மலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து பஸ் வளைவில் திரும்பினால் பயம், மேகம் கீழே இறங்கினால் பயம். இது போதாதென்று நூலகப் பொறுப்பையும் தலைமையாசிரியர் அவள் தலையில் கட்டிவிட்டார். நூலகம் என்றால் கட்டடம் கிட்டடமெல்லாம் கிடையாது, ஒரு இரும்பு பீரோதான். அரசாங்கம் வகுப்புக்கு உதவட்டும் என்று அனுப்பிய புத்தகங்கள், படங்கள், பூகோள உருண்டை எல்லாம் அதற்குள் இருந்தன. ஒன்று கிழிந்தாலும் தணிக்கையில் உன் தலைதான் உருளும் என்று எந்த மகராசனோ சொல்லிவைக்க, அவள் பீரோ சாவியைத் தாலிச் சரட்டிலேயே கோத்துக்கொண்டாள்.

மூன்றாம் வகுப்பு வாத்தியார் வேடியப்பன் பாம்புப் படம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். அவர் கரும்பலகையில் பாம்பு வரைந்தால் பிள்ளைகள் மாட்டுக் கயிறு என்று சொல்லிச் சிரித்தார்களாம். அந்த ஆனி மாதத்தில் ஒரு நாள் மனிதர் பொறுமை இழந்து கேட்டேவிட்டார்: "பீரோவுல இருந்துகினு அது யாருக்குங்க டீச்சர் பாடம் நடத்தும்?"

ராஜாம்பாளுக்குச் சுருக்கென்றது. சரி என்றாள், ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். ஆணியில் மாட்டினால் ஓட்டை விழுமாம், பிள்ளைகள் தொட்டால் கறை படுமாம். அதனால் வகுப்பில் அவளே நின்று படத்தைப் பிடித்துக்கொள்வாளாம். வேடியப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினார். அப்படித்தான் அன்று காலை அவள் இரண்டு கையாலும் படத்தை விரித்துப் பிடித்து, கோயில் வாசலில் திரை பிடிக்கிறவள் மாதிரி நின்றாள்.

படத்தில் நாலு விஷப்பாம்புகள் இருந்தன. வேடியப்பன் நல்ல பாம்பைக் காட்டி ஆரம்பிப்பதற்குள் முன் வரிசையிலிருந்து இருசம்மாள் எழுந்து வந்து, கறுப்பு உடம்பில் வெள்ளைக் கட்டுப் போட்ட பாம்பின் மேல் விரலை வைத்தாள்.

ராஜாம்பாள் தொடாதே என்று அலறினாள். அந்தப் பெண் விரலை எடுக்கவில்லை.

"இது நேத்து ராத்திரி எங்க பாயில இருந்துச்சு சார். எங்கப்பா அடிச்சுப் போட்டுட்டாரு."

யாரையாவது கடித்ததா என்று வேடியப்பன் கேட்டார்.

"யாரையும் கடிக்கல சார். தங்கச்சிதான் வயித்துவலின்னு அழுதுகினே கெடந்துச்சு. இப்ப கண்ணே தொறக்க மாட்டேங்குது. பலாச்சொள ஜாஸ்தி தின்னுட்டான்னு அம்மா சொல்லிச்சு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வேடியப்பன் சிரிக்கவில்லை. படத்தின் அடியில் எறும்பு போலப் பொடியாக அச்சடித்திருந்ததைக் குனிந்து வாய்விட்டுப் படித்தார். கட்டுவிரியன் கடித்தால் வலி தெரியாது, வீக்கம் வராது, பல் பட்ட இடம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. முதலில் வயிறு வலிக்கும், பிறகு இமை சரியும், பிறகு மூச்சு நிற்கும்.  ராஜாம்பாள் கையிலிருந்த படத்தைக் கீழே போட்டாள்.

வேடியப்பன் ஜீப் பிடிக்க வெள்ளிமலைச் சாலைக்கு ஓடினார். ராஜாம்பாள் பீரோவுக்கு ஓடினாள். சாவி துவாரத்தில் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. உள்ளே முதலுதவிப் புத்தகம் ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். பட்டியலில் எண் போட்டவளே அவள்தான். ஆனால் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. அதை இடுக்கிக்கொண்டு இருசம்மாளின் பின்னால் ஓடினாள்.

குடிசையில் இருசம்மாளின் அப்பா சடையன் வேலிக்கு முள் கட்டிக்கொண்டிருந்தான். தாய் சாமைக் கொல்லைக்குப் போயிருந்தாள். நாலு வயது அமிர்தம் பாயில் கிடந்தாள். பழந்தான் ஒத்துக்கொள்ளவில்லை, சாயங்காலம் சரியாகப் போய்விடும் என்றான் சடையன். ராஜாம்பாள் குழந்தையின் இமையை விரலால் தூக்கினாள். விட்டதும் அது தானாக மூடிக்கொண்டது.  குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு சாலையைப் பார்த்து ஓடினாள். பெற்றவனுக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. இருசம்மாளைத் தாயிடம் விரட்டிவிட்டு, கத்திக்கொண்டே பின்னால் வந்தான்.

வேடியப்பன் பிடித்திருந்த ஜீப் பொன்னுரங்கத்துடையது, பலாப்பழம் ஏற்றுகிற ஜீப். அவர் யாரும் சொல்லாமலே பழத்தையெல்லாம் சாலையோரம் உருட்டித் தள்ளியிருந்தார். கள்ளக்குறிச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்.

நாலாவது வளைவில் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவது நின்றது.

ஐயோ, அந்த நேரத்தில் ராஜாம்பாள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. இடுக்கி வந்த புத்தகத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்த புதுத் தாள்களைக் கிழித்துப் பிரித்தாள். குழந்தைகளுக்கு மூச்சுக் கொடுப்பது எப்படி என்று படம் போட்டிருந்தது. தலையைச் சாய்க்க வேண்டும், வாயையும் மூக்கையும் சேர்த்து நம் வாயால் மூடி ஊத வேண்டும். ஊதினாள். ஒன்றும் நடக்கவில்லை. தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்து ஊதினாள். சின்ன நெஞ்சு மேலே எழும்பியது. வாயை எடுத்ததும் அடங்கிவிட்டது. நான் நிறுத்தினால் செத்துவிடும் என்று அவளுக்குப் புரிந்தது. அந்தப் பயத்திலேயே ஊதினாள். ஜீப் குலுங்கிக் குழந்தையின் பல் அவள் உதட்டைக் கிழித்தது, ரத்தத்தைத் துடைத்துவிட்டு ஊதினாள். சடையன் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு, "உடாதீங்க டீச்சர், உடாதீங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தையை வாங்கித் தொண்டையில் குழாய் போட்ட பிறகும் இவள் வாய் குவிந்தே இருந்தது. விஷமுறிவு மருந்து ஏறியது. அன்றைக்கும் மறுநாளும் யாரும் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. பிழைக்குமா என்று கேட்கக்கூட பயந்து, அவள் நர்சின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் அமிர்தம் கண்ணைத் திறந்தாள். சாயங்காலம் குழாயை எடுத்ததும் தண்ணீர் கேட்டாள். ராஜாம்பாள் வராந்தாவில் போய் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சடையன் வந்து பக்கத்தில் தரையில் குந்தினான். துண்டை முறுக்கிக்கொண்டே பேசினான்.

"எம் பெரிய பையன் மாயவன் போன வருசம் இப்படித்தான் டீச்சர். வயித்துவலின்னான், கண்ணு சொருவிச்சு, பொழுது சாயறதுக்குள்ள செத்துப் பூட்டான். எங்களுக்கு இன்னா தெரியும்?"

மாயவனை அவளுக்குத் தெரியும். நாலாம் வகுப்பு, அவளே தமிழ் நடத்திய பையன். அவனுக்காகப் பள்ளியில் ஒரு நாள் லீவு விட்டார்கள். பீரோ வைத்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவன் வகுப்பு.

"வாத்தியாரு சொன்ன அந்தப் பாம்புப் படம் இப்பத்தான் இஸ்கூலுக்கு வந்துச்சுங்களா?" என்று சடையன் கேட்டான்.

அதில் சூது ஒன்றும் இல்லை. புதிதாக வந்திருக்கும், நம் பையனுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை என்று அவனாகவே நினைத்துக்கொண்டு கேட்கிறான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவான். ஜீப்பில் பட்ட பயமெல்லாம் ஒரு பயமா என்று தோன்றியது அவளுக்கு. 

"மூணு வருசமா இருக்குதுங்க. நான்தான் பூட்டி வெச்சிருந்தேன்" என்றாள்.

சடையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து மகளின் கட்டிலுக்குப் போனான். போகிறவன் திரும்பிப் பார்த்துவிடுவானோ என்று அவள் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் திரும்பவில்லை.