பத்தாவது ஆணி

என் வீட்டுக்காரர் டேங்குக்குள் இருக்கும்போதே மூடியைப் போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் நான். ஊரில் இதை வேறு மாதிரி சொல்கிறார்கள். கப்பலில் பேய் என்கிறார்கள். பேயோ பிசாசோ, தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காட்டுப்பள்ளியில் இருக்கிற பெரிய கப்பல் யார்டைச் சொல்லவில்லை. அதற்கும் வடக்கே, பழவேற்காடு போகும் வழியில், ஒரு சின்ன ரிப்பேர் யார்டு. தெற்கே பார்த்தால் வள்ளூர் மின்நிலையத்துப் புகைக்கூண்டுகள் தெரியும். அங்கே எனக்கு ஒரே வேலைதான், எண்ணுவது. கப்பலின் அடியில் இருக்கிற டேங்குகளுக்குள் ஆட்கள் இறங்குவார்கள். இறங்குகிற வழி, ஒரு ஆள் நுழைகிற ஓட்டை. அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். இறங்குகிறவர் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைக் கொடுப்பார். அதைப் பலகை ஆணியில் மாட்டிவிட்டுப் பெயரைக் கூப்பிடுவேன். "உள்ள" என்பார். ஏறி வந்ததும் டோக்கனை எடுத்துக்கொள்வார். திரும்பக் கூப்பிடுவேன். "மேல" என்பார். ஆணியில் டோக்கன் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படிக்க வேண்டாம்.

அந்தக் கப்பல் வந்த பிறகுதான் என் எண்ணிக்கை கெட்டது.

நடுக்கடலில் நிற்கிற போர்க்கப்பல்களுக்கு எண்ணெயும் தண்ணீரும் அரிசியும் கொண்டுபோய்க் கொடுக்கிற கடற்படைக் கப்பல் அது. பெயர் 'ஜனார்தனன்'. திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பத்தில் பிறந்து, கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர் ஆனவரின் பெயர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு கப்பலின் அடித்தளத்தில் கடல் நீர் புகுந்தபோது, எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டாராம். பலகையில் ஒரு டோக்கன் மிச்சம் இருந்தது. இன்னும் ஒருத்தன் உள்ளே இருக்கிறான் என்று திரும்ப இறங்கினார். அவன் உள்ளே இல்லை. டோக்கனை எடுக்க மறந்துவிட்டு, மேல்தளத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான். இறங்கியவர் ஏறி வரவே இல்லை.

இதைச் சொன்னவர் கப்பலின் மூத்த மாலுமி வெங்கடேசன், பொதட்டூர்பேட்டைக்காரர். முதல் நாளே நம்பர் இல்லாத ஒரு பித்தளை டோக்கனைக் கொண்டுவந்து என் பலகையின் கடைசி ஆணியில், பத்தாவதில், மாட்டினார்.

"இது ஐயாவுது. எந்த வேலையா இருந்தாலும் இந்தக் கப்பல்ல இது தொங்கினு இருக்கும். யாரும் எடுக்கக் கூடாதும்மா."

"சார், ஆணில தொங்குனா உள்ள ஆள் இருக்குதுன்னு அர்த்தம்."

"ஆமாம்மா," என்றார். சிரிக்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டேங்கில் இறங்குகிற ஒன்பது பேரும் மேலே வந்த பிறகு பலகையைப் பார்த்தால் ஒன்று தொங்கும். ஒவ்வொரு நாளும் நெஞ்சு ஒரு தரம் திக்கென்று அடித்து, அட, அது ஐயாவுடையது என்று அடங்கும். இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. பழகியதுதான் வினையாகப் போயிற்று.

பழகாத சில விஷயங்களும் இருந்தன. காலையில் வந்து பார்த்தால் பலகை காய்ந்திருக்கும், அந்த டோக்கன் மட்டும் நனைந்திருக்கும். கடல் காற்று என்று துடைத்துவிடுவேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, காலி டேங்குக்குள்ளிருந்து டொக், டொக், டொக் என்று மூன்று தட்டு வரும். சற்று நேரம் கழித்து, கொஞ்சம் தள்ளி, இன்னும் மூன்று. யாரோ ஒவ்வொரு அறையாகத் தட்டி, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போவது போல இருக்கும். வெயிலில் இரும்பு விரிகிற சத்தம் என்றார் ஃபோர்மேன் முனுசாமி. நானும் தலையாட்டினேன். ஆனால் நாள் முழுக்க வானம் மூடிக் கிடந்த அன்றைக்கும் தட்டியது. டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விட்டேன். பயம்தான், வேறென்ன.

அந்த வியாழக்கிழமை பெயிண்ட் வேலை முடிந்து, தின்னர் போட்டுத் துடைக்கிற வேலை. என் வீட்டுக்காரர் லோகு அதே கோஷ்டியில் ஆறாம் நம்பர். எனக்கு மாமன் மகன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அன்று வரிசையில் கடைசியாக நின்றுகொண்டு, ஏணியில் கால் வைத்துவிட்டவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஊட்லயும் இவ இப்டித்தான். எண்ணிதான் இட்லி வெப்பா. ஏழாவது கேட்டா ரிஜிஸ்டர்ல எழுதுவா."

டேங்குக்குள்ளிருந்து எட்டுப் பேர் சிரிப்பு எதிரொலித்தது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. டோக்கனைப் பிடுங்கி, கைக்கு எட்டிய ஆணியில் மாட்டினேன். பெயரைக் கூப்பிடவில்லை.

"இன்னாமே, என் பேரு மட்டும் மறந்துட்சா?"

நான் நிமிரவில்லை. "உள்ள" என்று அவராகவே சொல்லிவிட்டு இறங்கினார்.

பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியது. பசியில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஏறி வந்து டோக்கனை எடுத்தார்கள். ரிஜிஸ்டரைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். ஐந்தாம் பெயர் முடிந்தது. அடுத்தது அவருடையது. என் முதுகுக்குப் பின்னால் எங்கேயாவது இளித்துக்கொண்டு நிற்பார், நான் கூப்பிடட்டும் என்று காத்திருப்பார். காத்திருக்கட்டும். ஆறைத் தாண்டி ஏழுக்குப் போனேன்.

பலகையில் பத்தாவது ஆணியில் மட்டும் ஒரு டோக்கன், முகத்தைப் பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டு தொங்கியது. ஐயாவுடையது.

"காலியாமா?" என்றார் முனுசாமி. "மூடியப் போட்டுத் தண்ணி ஏத்தணும். ஒழுகுதான்னு பாக்கிற டெஸ்ட்டு இன்னிக்கே முட்ச்சாவணும்."

"காலி," என்று கையெழுத்துப் போட்டேன். இருபது நட்டுகளை முறுக்கி மூடியை இறுக்கி, தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு தட்டு வந்தது. மூன்று. வழக்கம்போல் நகர்ந்து போகும் என்று பார்த்தேன். நகரவில்லை. என் காலுக்கு நேர் கீழே, மூன்று. நிறுத்தி, மறுபடி மூன்று. நாற்காலியின் கால் வழியாக அது முதுகில் ஏறியது. எழுந்து போய்விட வேண்டும் என்று இருந்தது. பலகையையும் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று பத்தாவது ஆணியில் இருந்த டோக்கனைக் கழற்றினேன்.

அதில் ஆறு என்று இருந்தது.

காலையில் கைக்கு எட்டியது அந்த ஆணிதான். ஐயாவின் டோக்கன்மேல் இதை மாட்டியிருக்கிறேன். அப்படியானால் அங்கே இரண்டு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. பக்கத்துக் குழாயில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

நான் கத்தியது கேன்டீன் வரைக்கும் கேட்டதாம். வெங்கடேசன் ஓடிப்போய் வால்வை அடைத்தார். முனுசாமியும் மற்றவர்களும் ஸ்பானரோடு ஓடிவந்தார்கள். நான் மூடிமேல் குப்புறப் படுத்துக்கொண்டு, "லோகு! லோகு!" என்று கூப்பிட்டேன். விட்டுப்போன பெயரை அரை மணி கழித்துக் கூப்பிட்டேன். தட்டு நின்றது. இருபது நட்டு கழற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இடுப்பு வரை நனைந்து, நடுங்கிக்கொண்டு ஏறி வந்தார். நான் அவரை அடித்தேன், அழுதேன், திரும்ப அடித்தேன். வலது கையை மூடியே வைத்திருந்தார். விரலைப் பிரித்துப் பார்த்தால் நம்பர் இல்லாத பித்தளை டோக்கன்.

"தின்னர் வாடையில தல சுத்தி அந்தக் கோடில உயுந்துட்டேன்," என்றார். "முழிச்சிப் பாத்தா ஒரே இருட்டு. தண்ணி வர்து. அப்ப ஒருத்தரு தட்டிக்கினே வந்தாரு. கையப் புட்சி ஏணியாண்ட இட்டாந்தாரு. அந்தக் கை அப்டி ஒரு ஜில்லு. ஐயமாரு பேச்சு. 'பயப்படாதீங்கோ, மேலே ஒருத்தர் எண்ணிண்டிருக்கா, தட்டிண்டே இருங்கோ'ன்னாரு. இத்த என் கைல குடுத்தாரு."

"அப்பறம்?" என்றார் வெங்கடேசன்.

"'இன்னும் யாராவது உள்ளே இருக்காளா'ன்னு கேட்டாரு. இல்ல சார், நான்தான் கடேசின்னேன். அதுக்கப்பறம் பக்கத்துல யாரும் இல்ல."

பலகை மேலே, என் கண்ணெதிரில் இருந்தது. டோக்கன் எப்படிக் கீழே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டேங்கில் ஏறியது உப்பில்லாத நல்ல தண்ணீர். ஆனால் அந்த டோக்கனைத் தொட்ட விரலை வாயில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

வெங்கடேசன் அதை வாங்கித் துடைத்து, பத்தாவது ஆணிப் பக்கம் கையைக் கொண்டுபோனார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் சார். ஆணில தொங்குனா உள்ள ஆள் இருக்குதுன்னு அர்த்தம். டோக்கன் மேல வந்துட்சி."

அவர் டோக்கனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, "அன்னிக்கி டீ குட்ச்சிக்கினு இருந்தது நான்தாம்மா," என்றார்.

ரிஜிஸ்டரை எடுத்தேன். ஒன்பது பேரையும் நிற்கவைத்து முதலிலிருந்து கூப்பிட்டேன். ஆறாவதாக லோகு என்றேன். "மேல," என்றார். ஒன்பது முடிந்ததும் அதன் கீழே பத்தாவதாக ஒரு பெயரை எழுதி, அதையும் சத்தமாகக் கூப்பிட்டேன்.

"ஜனார்தனன் சார்."

வெங்கடேசன் டோக்கனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"மேல," என்றார்.